பல்செட்காரரின் ஏழு சீட்டு வண்டி

பல்செட்காரர் உயரம் குறைவு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் வண்டியில் ஏறுவதைப் பார்த்தால் எப்படியும் தெரிந்துவிடும். கதவைத் திறந்து, படியில் ஒரு காலை வைத்து, மேலே உள்ள கைப்பிடியைப் பற்றித் தொங்கி, மூச்சு ஒன்றை இழுத்துக்கொண்ட பிறகுதான் ஆள் உள்ளே போவார். இறங்குவது இன்னும் மோசம். பாதி இறங்கிய பின் தரை எங்கே என்று கால் தேடும். அந்த நேரம் பார்த்துத் தெருவில் யாராவது வந்துவிட்டால், முக்கியமான செய்தி வந்ததுபோல போனை எடுத்துப் பார்த்தபடி படியிலேயே நின்றுகொள்வார்.

தொழில், பல்செட் செய்வது. பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்துப் பின்பக்க அறைக்கு அனுப்புவார். அந்த அறையில் ஒரு ஜன்னல், ஒரு குழல்விளக்கு, பாலிஷ் போடும் மோட்டார், அலமாரி நிறைய பிளாஸ்டர் வாய்கள். இவர் மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, கடித்துப் பார்க்க வைத்து, சுரண்டி, மறுபடி நடுவார். எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கும் வேலை. மயிரிழை கூடிப்போனால் நோயாளிக்கு ஈறு புண்ணாகிவிடும். அவ்வளவு பார்த்துப் பார்த்து அளக்கிறவர், வண்டி வாங்கப் போன அன்று தெருவை அளக்க மறந்துவிட்டார்.

பழைய கார் விற்கிற இடத்தில் வைத்தே மனைவி கேட்டாள்.

"ஏங்க, இது நம்ம தெருவுக்குள்ள நுழையுமா?"

"நுழையும்."

நுழைந்தது. இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்கி, எதிர்வீட்டுக்காரர் வாசலில் கிடந்த தன் செருப்பை எடுத்து உள்ளே வைத்த பிறகு.

அவர் குடும்பத்தில் மூன்றே பேர். அவர், மனைவி, மகள். வண்டியில் ஏழு சீட்டு. மீதி எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஒரு நாள் தேவைப்படும்" என்று பதில் சொன்னார். சொல்லும்போது வெள்ளம், பூகம்பம், உறவுக்காரர் வீட்டு விசேஷம் எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் வரப்போவதுபோல முகத்தை வைத்துக்கொள்வார். உண்மையான காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சோதனை ஓட்டத்தின்போது சிக்னலில் பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். பஸ் டிரைவரின் முகம் நேருக்கு நேர் இருந்தது. டிரைவர் லேசாகத் தலையசைத்தார். காலமெல்லாம் குனிந்து அடுத்தவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு அந்த ஒரு தலையசைப்பு போதுமானதாக இருந்தது.

கிளினிக்கில் வண்டியை நிறுத்த இடம் கிடையாது. முதல் நாள் கொண்டுபோய் நிறுத்தியதில் நோயாளிகள் வாசலைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போனார்கள். "இத நாளையிலேருந்து வீட்டுலயே வச்சுக்கங்க" என்று டாக்டர் மென்மையாகச் சொன்னார். அதனால் ஏழு சீட்டு வண்டிக்குச் சொந்தக்காரர் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போனார். அதே வழித்தடம்தான். தலையசைத்த டிரைவர் இப்போது "உள்ள போங்க, உள்ள போங்க" என்றார்.

வண்டி வாசலில் நின்றது. மனைவி அதற்குப் பீரோ என்று பெயர் வைத்தாள். "பீரோவத் தொடச்சாச்சா?" "பீரோ மேல காக்கா எச்சம் போட்டிருக்கு." பீரோவாவது துணி வைக்க உதவும் என்று ஒருநாள் சேர்த்துக்கொண்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது ஒன்றில்தான் அவருக்கு அந்த வீட்டில் முழுச் சுதந்திரம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருப்பினார். டக் டக் டக் என்றது. அவ்வளவுதான். உள்ளே யாரோ நாக்கைத் தட்டி "பாவம்" என்று சொல்வதுபோல இருந்தது.

பேட்டரி பழையது. அதை மாற்றினார். அது நியாயமான செலவு, நியாயமான வைத்தியம். அங்கேயே விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இருந்திருக்காது. ஆனால் பேட்டரி ஏன் செத்தது என்று அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்துவிட்டது. அந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க ஒன்றுகூடிப் புலம்பிக்கொள்ளும் இணையதளம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அங்கே பனிக்குள் வாழும் ஒருவர், பாலைவனத்தில் வாழும் ஒருவர், எங்கே வாழ்கிறார் என்று சொல்லாமல் எல்லோரையும் திட்டும் ஒருவர் என்று பலர் இருந்தார்கள். எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். ஸ்கேனர் இல்லாமல் இந்த வண்டியை வைத்திருப்பவன் முட்டாள்.

ஸ்கேனர் வந்து சேர்ந்தது. தீப்பெட்டி அளவுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில், அதைச் செருகுவதற்கென்றே ஒரு வாய் இருந்தது. வாய் சம்பந்தப்பட்ட வேலை என்பதால் முதல் முயற்சியிலேயே கச்சிதமாகப் பொருத்திவிட்டார். சின்னதாய் ஒரு நீல விளக்கு எரிந்தது. போனில் வண்டியின் உள்விவகாரங்கள் எல்லாம் வந்து கொட்டின. எண்ணெயின் சூடு, டயரின் காற்று, பேட்டரியின் தெம்பு. எழுத்தும் எண்ணுமாகக் குறியீடுகள். இதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசாத வண்டி இப்போது வாய் ஓயாமல் பேசியது. பேசியது ஒன்றும் புரியவில்லை என்றாலும், பேசுகிறது என்பதே பெருமையாக இருந்தது.

பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரிடம்கூட, கேட்காமலே, போனைக் காட்டினார்.

"இது என்னங்க, கிரிக்கெட் ஸ்கோரா?"

"வண்டியோட ஹெல்த்."

"நல்லாருக்கா?"

"கொஞ்சம் மோசம்" என்றார், சந்தோஷமாக.

மோசமாகத்தான் ஆகிக்கொண்டிருந்தது. புது பேட்டரியும் இரண்டு மூன்று நாள் சும்மா நின்றால் படுத்துக்கொண்டது. அவர் ஹாரன் வயரைக் கழற்றிப் பார்த்தார். ரேடியோவைத் துண்டித்தார். பாலைவனத்துக்காரர் சொன்னதைக் கேட்டு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை மாற்றினார். பனிக்காரர் சொன்னதைக் கேட்டுப் பேட்டரியின் முனைகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். மகள் மேல் பழி போட்டார். "நீதான் உள்ள லைட்ட எரிய விட்டுட்டுப் போயிருப்பே."

"நான் அதுல ஏறியே பல மாசம் ஆச்சுப்பா."

"அப்பவே எரிய விட்டிருப்பே."

ஒவ்வொரு முறையும் மனைவியின் தம்பி தன் சின்ன காரில் வந்து, வயர் போட்டு, தன் பேட்டரியிலிருந்து உயிர் கொடுத்துவிட்டுப் போவான். கைப்பெட்டி போல ஒரு கார். பெரிய வண்டியின் முகத்துக்கு எதிரே அது வந்து நிற்கும்போது, கன்றுக்குட்டி பசுவுக்குப் பால் கொடுப்பதுபோல இருக்கும். மைத்துனன் எதுவும் சொல்ல மாட்டான். சொல்லாமலிருப்பது சொல்வதைவிட வலிக்கும்.

ஒர்க்‌ஷாப்புக்கும் கொண்டுபோனார். அங்கேதான் அவருடைய புத்திசாலித்தனம் முழு வீச்சில் வேலை செய்தது. ஒர்க்‌ஷாப் வாசலுக்கு முந்தைய திருப்பத்தில் வண்டியை ஓரம் கட்டி, ஸ்கேனரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காரணம் எளிது. தானே வைத்தியம் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தால் ஒர்க்‌ஷாப்காரர் கிண்டல் செய்வார். வீட்டிலேயே நகம் தேய்க்கும் அரத்தால் பல்செட்டைத் தேய்த்துவிட்டு, கிளினிக்குக்கு வந்து "நான் கையே வைக்கலியே" என்று சாதிக்கும் நோயாளிகளை அவர் வாழ்நாள் முழுக்கத் திட்டியிருக்கிறார். தேய்த்த தடம் பார்த்தாலே தெரியும், யாரை ஏமாற்றுகிறார்கள் என்று கோபப்பட்டிருக்கிறார். இப்போது சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு முகத்தை வெகுளியாக வைத்துக்கொண்டார்.

"என்ன சார் பிரச்சனை?"

"எனக்கென்னங்க தெரியும்? ஸ்டார்ட் ஆகல."

வண்டி ஒர்க்‌ஷாப்பில் சில நாள் நின்றது. ஒவ்வொரு நாளும் சாவியைத் தொட்டதும் உறுமியது. ஒர்க்‌ஷாப்காரர் பானெட்டை மூடினார்.

"என் கையில நல்லாத்தான் இருக்கு சார். வேணும்னா வயரிங் மொத்தத்தையும் பிரிச்சுப் பாக்கலாம். பாத்தாலும் ஒண்ணும் இருக்காதுன்னுதான் தோணுது."

திரும்பி வரும் வழியில், அதே திருப்பத்தில் ஓரம் கட்டி, ஸ்கேனரை மறுபடியும் செருகினார். நீல விளக்கு எரிந்தது. மனசுக்குத் தெம்பாக இருந்தது.

ஏதோ ஒரு விளக்கு வண்டிக்குள் அணையாமல் எரிகிறது, அதுதான் பேட்டரியைக் குடிக்கிறது என்று எல்லோரையும் திட்டுபவர் இணையதளத்தில் எழுதினார். கதவைப் பூட்டிய பிறகு எரிகிற விளக்கை வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது? உள்ளே இருந்துதான் பார்க்க வேண்டும். பல்செட்காரர் ஒரு ஞாயிறு மத்தியானம் கண்ணாடிகளுக்கெல்லாம் உள்பக்கமாகப் போர்வை கட்டினார். கடைசி சீட்டை மடித்துவிட்டு அங்கே படுத்துக்கொண்டார்.

"ரிமோட்ட வச்சு வெளியிலேருந்து பூட்டு. கொஞ்ச நேரம் கழிச்சு வந்து தொற."

"உள்ள மூச்சு முட்டாதா?" என்றாள் மனைவி.

"ஏழு பேருக்கான காத்து இருக்கு."

அவள் பூட்டினாள். வீட்டுக்குள் போன் அடித்தது. அவளுடைய அக்கா. பேச ஆரம்பித்தால் சீக்கிரத்தில் வைக்கிற ரகம் இல்லை.

உள்ளே இருட்டு. அவர் மல்லாந்து படுத்துக் கண்காணித்தார். மேல்விளக்கு மெதுவாக மங்கி அணைந்தது. கதவு விளக்குகள் அணைந்தன. டாஷ்போர்டு அணைந்தது. டிக்கி விளக்கு அணைந்தது. ஒவ்வொன்றாக விடுதலை செய்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு நீலப்புள்ளி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அது குற்றவாளியைத் தேட வந்த ஆள். தன்னோடு ராப்பகலாய்ப் பாடுபடுகிற ஒரே ஜீவன் என்று அதன்மேல் ஒரு பாசமே வந்தது.

பிறகு கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. காலை நீட்டினார்.

வண்டிக்குள் எது அசைந்தாலும் திருடன் என்று எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று அந்த வண்டியில் இருந்தது. அவர் அதைப் பற்றிப் படித்திருக்கிறார். நல்ல வசதி என்று மெச்சியும் இருக்கிறார். இப்போது நான்கு பக்க விளக்குகளும் பளிச் பளிச்சென்று அடிக்க, தெருவே அலறியது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் கண்ணாடியை ஓங்கித் தட்டினார்.

"உள்ள யாரு?"

"நாந்தாங்க."

"நாந்தான்னா யாரு?"

"வண்டிக்காரன்."

"சொந்த வண்டிக்குள்ள எதுக்குங்க போர்வையக் கட்டிட்டு ஒளிஞ்சிருக்கீங்க?"

"லைட் அணையுதான்னு பாத்தேன்."

"அணைஞ்சுதா?"

"அணைஞ்சிருச்சு."

"அப்ப வெளிய வாங்க."

"வெளியிலேருந்து பூட்டினா உள்ளேருந்து தொறக்க முடியல."

கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாத நிலை. ரிமோட்டை எடுத்துக்கொண்டு கடைசியில் வந்தது மகள். தோழிகள் இரண்டு பேர் அவளோடு வந்திருந்தார்கள். கதவு திறந்தது. அவர் போர்வையோடு வெளியே சரிந்தார். கால் தரையைத் தேடியது.

"அப்பா" என்றாள் மகள். தோழிகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"காலேஜுக்கு என்னைக் கொண்டுபோய் விடச் சொல்லி மாமாகிட்ட கேட்டுட்டேன்."

பல்செட்காரருக்குக் கையிலிருந்தது வாய்க்குப் போகவில்லை. கட்டடம் வரைகிற படிப்புக்கு மலைமேல் இருக்கும் ஒரு ஊரில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வருகிற ஞாயிறு கிளம்ப வேண்டும். மெத்தை, பெட்டிகள், புத்தகங்கள், கதவு அகலத்துக்கு ஒரு வரைபலகை. இந்த நாளுக்காகத்தான் வண்டி வாங்கினேன் என்று, இடம் கிடைத்த அன்றிலிருந்து அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் தானே நம்பவும் தொடங்கியிருந்தார்.

"மாமா வண்டியில எல்லாரும் எப்படி ஏறுவோம்?"

மனைவிதான் சொன்னாள்.

"தம்பி ஓட்டுவான். நான் முன்னாடி. இவ பின்னாடி. பலகையச் சாச்சு வச்சா இன்னொருத்தர் உக்கார முடியாது."

"அப்ப நான்?"

"பீரோவப் பாத்துக்குங்க."

சொன்னது வேடிக்கையாகத்தான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஏழு சீட்டு வாங்கிப் போட்ட மனிதருக்கு ஒரு சீட்டு இல்லை. ஒரு மரப்பலகை அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு மகளோடு மலையேறப் போகிறது. அவர் தண்ணீர் குடித்தார். "நான்தான் கொண்டுபோய் விடுவேன்" என்று சொல்ல நினைத்தார். ஆனால் "வண்டி சரியாயிடும்" என்று மட்டும் சொன்னார்.

மனைவி ஒரு வழி சொன்னாள். மலையில் ஓர் இரவு தங்கியாக வேண்டும். நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால் கிளம்புகிற வண்டியாக இருக்க வேண்டும். அதனால் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் காட்டட்டும், வியாழக்கிழமை கொண்டுவந்து வாசலில் நிறுத்தட்டும். அதற்கப்புறம் தொடக்கூடாது. ஞாயிறு காலை தானாக ஸ்டார்ட் ஆனால் அந்த வண்டி. ஆகாவிட்டால் தம்பி வண்டி.

"நடுவுல எடுத்து ஓட்டிட்டு வர்ற வேலையெல்லாம் வேணாம்ப்பா" என்றாள் மகள்.

"சரி."

"சத்தியமா?"

"அதான் சரின்னுட்டேன்ல."

ஒர்க்‌ஷாப்பில் வண்டி வழக்கம்போல் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. "சார், வண்டிக்கு ஒண்ணுமில்ல, உங்க தெருக்காத்துதான் அதுக்கு ஒத்துக்கல" என்றார் ஒர்க்‌ஷாப்காரர். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து ஸ்கேனரை எடுத்தார். இந்த முறை விட்டுவிடக்கூடாது, நொடிக்கு நொடி கண்காணிக்க வேண்டும் என்று அழுத்திச் செருகினார்.

அதன்பிறகு அவர் செய்ததெல்லாம் போனைப் பார்ப்பதுதான். மாடி ஜன்னலருகே நின்றால் இணைப்பு கிடைத்தது. ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்போல அங்கேயே நின்றார். வெள்ளிக்கிழமை பேட்டரியின் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. கவலையில் இன்னும் அடிக்கடி பார்த்தார். இன்னும் இறங்கியது. சனிக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பார்த்தார். கீழே போய் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எஞ்சினை ஓடவிட்டால் போதும். சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் அந்த ஆணியைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பிசைந்துகொண்டு ஜன்னலுக்கே திரும்பினார்.

ஞாயிறு விடிந்ததும் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். அவர் படியில் கால் வைத்து, தொங்கி, ஏறி, உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார்.

டக் டக் டக்.

இன்னொரு முறை திருப்பினார். இந்த முறை டக் என்பதுகூட ஒன்றுதான் வந்தது.

மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனையைப் பார்த்தாள். மைத்துனனின் கார் வளைந்து வந்து நின்றது. அவன் இறங்கினான்.

"ஆம்புலன்ஸ் வந்தாச்சு, அத்தான்" என்றான். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "இருங்க, போறதுக்கு முன்ன இதுக்கு உயிர் குடுத்துட்டே போறேன்."

மெத்தை கட்டப்பட்டது. பெட்டிகள் ஏறின. பலகை அவருடைய இடத்தில் சாய்ந்துகொண்டது. மைத்துனன் வயரோடு வந்து, பானெட்டைத் திறக்கிற கொக்கியை இழுக்க ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தான்.

"அத்தான், இங்க என்ன நீலமா எரியுது?"

"அது ஸ்கேனர் மச்சான். பேட்டரி ஏன் எறங்குதுன்னு கண்டுபிடிக்க."

மனைவியும் குனிந்து பார்த்தாள்.

"இது எப்பவும் எரியுமா?"

"எப்பவும்."

"வண்டிய நிறுத்திப் பூட்டின அப்புறமுமா?"

"அப்பவும்தான். அது ராத்திரியெல்லாம் வேல..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

"அதுக்கு கரண்ட் எங்கேருந்து வருது?" என்று மனைவி கேட்டாள். மடக்குவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எஞ்சினைச் சுழற்றத் தெம்பில்லாத பேட்டரி, அந்தப் பொட்டு வெளிச்சத்துக்கு மட்டும் கடைசிச் சொட்டையும் கொடுத்துக்கொண்டிருந்தது. இவர் ஜன்னலில் நின்று போனைத் திறந்து திறந்து பார்த்தபோதெல்லாம் அந்த ஸ்கேனர் வண்டியின் மற்ற உறுப்புகளையும் தட்டி எழுப்பி, எண்களை வாங்கி, இவருக்கு அனுப்பியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் மட்டும் வண்டி ஏன் ஒழுங்காக இருந்தது என்பதும் சேர்ந்தே விளங்கியது. அங்கே அது இவர் சட்டைப்பையில் இருந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தெருவில் சிரிக்க உரிமை இல்லாத ஒரே ஆள் தான்தான் என்பதும் தெரிந்தது. ஸ்கேனரைப் பிடுங்கினார். நீல விளக்கு அணைந்தது.

"ஏங்க, அத ஒர்க்‌ஷாப்ல காட்டினீங்களா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"ஏன்?"

"சிரிப்பாங்கன்னு."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மைத்துனன் எங்கோ பார்த்துக்கொண்டு வயரைப் போட்டான். பெரிய வண்டி உறுமி எழுந்தது.

"அவ்வளவுதான்! கண்டுபிடிச்சாச்சு!" என்று கத்தினார் பல்செட்காரர். "இனிமே இது நிக்கவே நிக்காது. எல்லாத்தையும் இதுல மாத்துங்க. பலகைய எடுங்க."

மகள் அவரைப் பார்த்தாள். கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்பா, கண்டுபிடிச்சாச்சுன்னு நீங்க சொல்றது இது மொத தடவ இல்ல. பேட்டரின்னீங்க. ஆல்டர்னேட்டர்னீங்க. நான்னுகூடச் சொன்னீங்க."

மனைவி முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். மகள் பின் சீட்டில் பலகைக்குப் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். சின்ன கார் கிளம்பியது. தெருமுனை வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பேட்டரி ஏற வேண்டுமென்றால் வண்டி ஓட வேண்டும். நன்றாக ஏற வேண்டுமென்றால் நிறைய தூரம் ஓட வேண்டும். மலை நிறைய தூரத்தில்தான் இருந்தது. இந்தத் தர்க்கத்தில் தனக்கே நம்பிக்கையில்லை என்றாலும் அவர் படியில் கால் வைத்துத் தொங்கி ஏறினார். வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில்தான் யோசித்தார்.

ஊரைத் தாண்டியதும் சின்ன காரைப் பிடித்துவிட்டார். முந்தவில்லை. பின்னாலேயே போனார். பின்கண்ணாடி முழுக்கப் பலகை அடைத்திருந்தது. அதன் ஓரத்தில் மகளின் தலையில் பாதி தெரிந்தது. அது ஒருமுறை திரும்பியது. அவர் கையை ஆட்டினார். அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை. ஆறு காலி சீட்டுகள் அவருக்குப் பின்னாலும் பக்கத்திலும் மரியாதையாக உட்கார்ந்து வந்தன.

மலையடிவாரத்தில் ஒரு டீக்கடை முன்னால் சின்ன கார் நின்றது. அவரும் நின்றார். மற்றவர்கள் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் டீயைக் கொண்டுவந்து, படியில் ஏறி, ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"வீட்டுலேருந்து பின்னாடியேவா வர்றீங்க?"

"பேட்டரி சார்ஜ் ஆகணும்ல."

"ஏன் எறங்கல?"

"சும்மாதான்."

"ஆஃப் பண்ணப் பயமா?"

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல." டீயைக் குடித்தார். சற்று நேரம் கழித்து, "அவசரமா பாத்ரூம் போகணும்" என்றார்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, பக்கத்து சீட்டில் ஏறினாள். அம்மாவின் உயரம், ஒரே எட்டில் ஏறிவிட்டாள். "போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் போனார். கடைக்குப் பின்னால் இருந்தது. கையைக் கழுவும்போதே எஞ்சின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று மலைக்காற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

ஈரக் கையோடு ஓடி வந்தார். மகள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சாவி அவள் மடியில் இருந்தது.

"நின்னுடுச்சா?"

"நாந்தான் ஆஃப் பண்ணினேன்."

"ஏன்டி?"

"கண்டுபிடிச்சாச்சுன்னு சொன்னீங்கல்ல. சரின்னா இப்ப ஸ்டார்ட் ஆகணும். மேல போய் நின்னு போறதுக்கு இங்கயே தெரிஞ்சுக்கலாமே."

இத்தனை நாள் எவ்வளவோ கழற்றி மாட்டிய அவருக்கு இவ்வளவு எளிதான ஒரு சோதனை தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க மாட்டார்.

"ஆகலைன்னா?"

"பலகைய இதுல போட்டுப் பூட்டிடுவோம். அது இங்கயே கெடக்கட்டும், அப்புறமா வந்து எடுத்துக்கலாம். நீங்க மாமா வண்டியில ஏறிக்கோங்க. அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். மூக்கு உறுத்தியது. மலைக்காற்று என்று வைத்துக்கொண்டார். படியில் கால் வைத்தார், தொங்கினார், ஏறினார். அவள் சாவியை நீட்டினாள். வாங்கும்போது கை ஈரமாக இருந்ததால் நழுவி அவர் காலடியில் விழுந்தது. குனிந்து தேடி எடுத்தார். திருப்பினார்.

வண்டி உறுமியது.

எதிரே மைத்துனன் டீ கிளாஸோடு கையை உயர்த்தினான். மனைவி சின்ன காரின் முன் சீட்டில் ஏறிக்கொண்டே இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். இறங்குவதா வேண்டாமா என்று மகளைப் பார்த்து யாரும் கேட்கவில்லை. அவள் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டினாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"போலாம்ப்பா. மாமா கெளம்பிட்டாங்க."

பல்செட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கியரைப் போட்டார். ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எஞ்சின் பெரிதாகக் கத்தியது, வண்டி மூக்கை உயர்த்தியது, ஓர் அங்குலம்கூட நகரவில்லை. டாஷ்போர்டில் சிவப்பாக ஒன்று எரிந்து பீப் பீப் என்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. கியர்பாக்ஸாக இருக்குமோ, அல்லது பின் சக்கரத்து பேரிங்கா என்று அவர் யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

"அப்பா" என்றாள் மகள். "ஹேண்ட் பிரேக்."